சௌந்தரம் ராமச்சந்திரன்: காத்திருந்தவர் கட்டிய பள்ளி

கொடைரோடு என்று ஒரு ஊர் கிடையாது. ரயில்வே பலகையில் எழுதியிருப்பது கொடைக்கானல் ரோடு. ஊரின் உண்மையான பெயர் அம்மையநாயக்கனூர். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே ரயில் நின்றது, மலைக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கினார்கள், அப்படி வந்த பெயர் இது. வேறு எங்கேயோ போகிறவர்கள் வைத்த பெயரில் நாங்கள் இருக்கிறோம். நான் வளர்ந்தது இங்கேதான். ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் கொடைக்கானல் மலை, நடுவில் திராட்சைத் தோட்டமும் கொய்யாவும் நிலக்கோட்டைப் பூவும். வெளியூர் நண்பர்களிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால் “ஓ, கொடைக்கானலா!” என்பார்கள். இல்லைங்க, அதுக்குக் கீழே.

இந்த ‘மேலே, கீழே’ விஷயம் கல்வி வரலாற்றிலும் உண்டு. 1901இல் மலைக்கு மேலே ஹைகிளர்க் என்ற பள்ளி தொடங்கியது. அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்கான பள்ளி அது. இன்று கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். கொடைரோட்டில் இறங்கிப் பல தலைமுறைக் குழந்தைகள் அங்கே படிக்கப் போனார்கள். அதைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு, நினைவுக் குறிப்புகள் உண்டு. கீழே சமவெளியில், எங்கள் ஸ்டேஷனிலிருந்து திண்டுக்கல் பக்கம் அடுத்த ஸ்டேஷனான அம்பாத்துரைக்குப் பக்கத்தில், 1947இல் இன்னொரு கல்வி முயற்சி தொடங்கியது. அதுதான் காந்திகிராமம். அதைக் கட்டியவர்களில் ஒருவரான டாக்டர் டி.எஸ். சௌந்தரம் ராமச்சந்திரனைப் பற்றி, என் வயதுக்காரர்களிடம் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. தெரிந்தவர்களுக்கும் “டி.வி.எஸ். வீட்டுப் பொண்ணு” என்பதோடு கதை முடிந்துவிடுகிறது.

எங்கள் அம்மாச்சி அவரைப் பார்த்ததில்லை. ஆனால் சின்னாளபட்டி கஸ்தூர்பா மருத்துவமனையை அவர் சாகிற வரைக்கும் “சௌந்திரம்மா ஆஸ்பத்திரி” என்றுதான் சொன்னார். ஒரு கட்டிடத்தை ஒருத்தருடைய பெயரால் கூப்பிடுவது சாதாரண விஷயமில்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் என்ன இருந்தது என்று தேடிப் போனபோது எனக்குக் கிடைத்தது ஒரு டாக்டரின் கதையைவிட ஒரு ஆசிரியரின் கதை. இளைஞர்களுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு வாழ்க்கை முழுவதும் ஒரே பதிலை வெவ்வேறு இடங்களில் சொல்லிப் பார்த்தவர் அவர். அந்தப் பதில் எங்கே பலித்தது, எங்கே தடுமாறியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

*

பத்து வயது இளையவரோடு

சௌந்தரம் 1904ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் தேதி பிறந்தார். அப்பா டி.வி. சுந்தரம் அய்யங்கார். தெற்கில் பஸ் ஓடத் தொடங்கிய காலத்தின் பெரிய பெயர். அன்றைய வழக்கப்படி சௌந்தரத்துக்குச் சின்ன வயதிலேயே கல்யாணம் ஆனது. கணவர் டாக்டர் சௌந்தரராஜன். பிளேக் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் அந்த நோயே அவரைத் தொற்றியது. இறந்துபோனார். சௌந்தரம் இளம் விதவை ஆனார்.

அந்தக் காலத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விதவை மறுமணம் சட்டப்படி 1856லேயே அனுமதிக்கப்பட்டுவிட்டது. ஆனால் பிராமண வீடுகளில் அந்தச் சட்டம் காகிதத்தில் இருந்தது, வாசல்படி தாண்டவில்லை. சாரதா சட்டம் வந்து பெண்ணின் கல்யாண வயதை 14 என்று வைத்ததே 1929இல்தான். சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி, தானே ஒரு குழந்தை விதவை, 1912இல் பிராமண விதவைப் பெண்களுக்காக ஒரு விடுதி தொடங்கிப் படிக்கவைத்தார். அதற்கே ஊர் கூடிப் பேசியது. படிப்பு என்பது விதவைக்குக் கிடைத்த இரண்டாவது உயிர் மாதிரி. கிடைத்தவர்கள் மிகச் சிலர்.

சௌந்தரத்துக்கு அது கிடைத்தது. வீட்டில் வசதி இருந்தது, அப்பா வழி மறிக்கவில்லை. டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரிக்குப் போனார். பெண்களுக்கு மட்டுமான கல்லூரி, 1916இல் தொடங்கியது. அங்கே அவருக்குக் கிடைத்த தோழி சுசீலா நய்யார். பின்னாளில் காந்தியின் மருத்துவராக அறியப்பட்ட அதே சுசீலா. அவர் பிறந்தது 1914. அதாவது சௌந்தரத்தைவிடப் பத்து வயது சின்னவர்.

இந்தப் பத்து வருஷம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தன்னைவிடச் சின்னப் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்து உடற்கூறு படித்த ஒரு விதவை. 1936இல் டாக்டர் பட்டம் வாங்கியபோது வயது 32. அந்தக் காலக் கணக்குப்படி பேரக்குழந்தைக்குக் காதுகுத்துக்கு நாள் பார்க்கிற வயதுக்குப் பக்கம். ‘உரிய வயதில் படிக்க வேண்டும்’ என்ற விதியை உடைத்துப் படித்தவர் பின்னால் ஒரு கல்வி நிறுவனம் கட்டும்போது, ‘யாருக்கு நேரம் கடந்துவிட்டது’ என்ற கேள்வியை எப்படிப் பார்ப்பார்? காந்திகிராமத்தின் அமைப்பில் அதற்கான விடை இருக்கிறது. அங்கே போவதற்கு முன்னால் ஒரு கல்யாணக் கதை.

சுசீலா வழியாக வார்தா, சேவாகிராமம், காந்தி. அந்த வட்டத்தில் ஜி. ராமச்சந்திரனைச் சந்தித்தார். திருவிதாங்கூர்க்காரர், 1904லேயே பிறந்தவர், சாந்திநிகேதனில் படித்தவர். 1924இல், இருபது வயது மாணவனாக, காந்தியின் எதிரே உட்கார்ந்து கலையைப் பற்றியும் அழகைப் பற்றியும் குறுக்குக் கேள்வி கேட்டவர். அந்த உரையாடல் அச்சிலும் வந்தது, காந்தியின் கலைப் பார்வை பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அதைத்தான் எடுக்கிறார்கள். கேள்வி கேட்கிற ஒரு பையனை உட்காரவைத்துப் பதில் சொன்ன பெரியவர். அந்தப் பையன் பின்னாளில் துணைவேந்தர் ஆகிறார். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

விதவை, அய்யங்கார், தமிழ்ப் பெண். மலையாளி, வேறு சாதி ஆண். வீட்டில் சம்மதம் இல்லை. காந்தி ஒரு நிபந்தனை வைத்தார்: ஒரு வருஷம் பார்க்காமல், தொடர்பில்லாமல் இருங்கள், அதற்குப் பிறகும் மனசு மாறவில்லை என்றால் பண்ணிக்கொள்ளுங்கள். இருவரும் இருந்தார்கள். மனசு மாறவில்லை. 1940 நவம்பர் 7ஆம் தேதி காந்தி முன்னிலையில் கல்யாணம். மணமக்கள் இருவருக்கும் வயது 36.

*

இரண்டு கட்டிலில் தொடங்கிய பாடம்

கஸ்தூர்பா 1944இல் காவலில் இறந்த பிறகு அவர் பெயரில் ஒரு தேசிய நினைவு அறக்கட்டளை தொடங்கப்பட்டது. கிராமப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அமைப்பு. தென்னிந்தியாவில் அதன் பொறுப்பு சௌந்தரத்திடம் வந்தது. 1947இல் சின்னாளபட்டியில் இரண்டு கட்டில் போட்ட ஒரு சிறு மருத்துவமனை. அதே வருஷம் அக்டோபர் 7ஆம் தேதி, சிறுமலை அடிவாரத்தில், காந்திகிராமம்.

தேதியைக் கவனியுங்கள். சுதந்திரம் கிடைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. படித்தவர்கள் எல்லாம் பதவிக்கும் நகரத்துக்கும் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். 43 வயதில் இரண்டு பேர், சுங்குடிச் சேலைக்கும் சின்னாளப்பட்டுக்கும் பேர் போன ஒரு நெசவாளர் ஊருக்குப் பக்கத்தில் பொட்டல்காட்டில் வந்து உட்கார்ந்தார்கள்.

1951 கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 9 பேருக்கும் குறைவு. ஒரு கிராமத்து மருத்துவமனைக்குத் தேவையான நர்ஸையும் ஆயாவையும் ஆசிரியரையும் எங்கிருந்து கூட்டி வருவது? மதுரையிலிருந்து வருகிறவர்கள் தங்கமாட்டார்கள். அக்கம்பக்கத்துப் பெண்களையே பயிற்சி கொடுத்து உருவாக்குவதுதான் ஒரே வழி. இப்படித்தான் ஆஸ்பத்திரியே ஒரு பள்ளிக்கூடம் ஆனது. ஆதாரப் பள்ளி, ஆசிரியர் பயிற்சி, கிராமசேவகி பயிற்சி, கதர், சோப்பு, மருந்து என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்தன. படிக்கிறவர் வேலையும் செய்வார், வேலை செய்கிறவர் படிக்கவும் செய்வார். காந்தி 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியின் கருவும் இதுதான். கையால் செய்கிற வேலை வழியாகக் கணக்கும் மொழியும் அறிவியலும் கற்பது.

ஆதாரக் கல்வி மேல் நமக்கு நியாயமான ஒரு சந்தேகம் உண்டு. நூற்கிறதும் மண்ணைக் கொத்துகிறதும் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த சாதியில் பிறந்த குழந்தைக்குப் பள்ளியிலும் அதையே கொடுத்தால் அது கல்வியா? தமிழ்நாட்டில் 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் ‘குலக்கல்வி’ என்று சொல்லி மக்கள் விரட்டியது இந்தக் கேள்வியை வைத்துத்தான். அந்த விவாதத்தின் சூடு ஆறாத காலத்தில்தான், 1956இல், காந்திகிராமத்தில் உயர்கல்விக்கான கிராமிய நிறுவனம் தொடங்கியது. கைவேலையைக் கீழ்ப்படிக்கு ஒதுக்காமல் பட்டப்படிப்பு வரைக்கும் மேலே கொண்டுபோனால் என்ன ஆகும் என்ற சோதனை அது. நாட்டில் அப்போது இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வந்தன. ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் குழு 1949லேயே கிராமப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று எழுதியிருந்தது.

இந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை என்ன ஆயின தெரியுமா? சாதாரணக் கல்லூரிகளோடு கரைந்துபோயின. பட்டயம் கொடுத்தால் வேலைக்கு எடுக்கமாட்டேன் என்கிற உலகத்தில், பட்டம் இல்லாத படிப்பு நிற்காது. காந்திகிராமம் நின்றது. 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. நின்றதற்குக் காரணம் இலட்சியம் மட்டும் இல்லை. சுற்றியிருந்த ஊர்களுக்கு அது தினசரித் தேவையாக இருந்தது. பிரசவம் பார்க்க, பிள்ளையைச் சேர்க்க, பயிற்சி முடித்த பெண்ணுக்கு ஒரு சம்பளம் கிடைக்க. ஆத்தூர் ஒன்றியத்தில் 1959இல் இங்கிருந்து தொடங்கிய சுகாதார, குடும்பநலத் திட்டத்தை இந்தியா முழுவதிலும் இருந்து வந்து படித்துவிட்டுப் போனார்கள். வீடு வீடாகப் போய் மற்றப் பெண்களிடம் பேசியதும் கிராமத்துப் பெண்கள்தான். யாரை மற்றவர்கள் ‘பயனாளி’ என்று எழுதுவார்களோ அவர்களைச் சௌந்தரம் ஊழியர் ஆக்கினார். அவருடைய தலைமை என்று நான் புரிந்துகொள்வது இதைத்தான். மேடையும் முழக்கமும் குறைவு. ஒருத்தர் கையில் ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டு, அதைச் செய்யும் அளவுக்கு அவரைப் படிக்கவைப்பது.

*

டெல்லியும் 1965உம்

சௌந்தரம் அரசியலுக்கும் போனார். 1952இல் ஆத்தூர் தொகுதியிலிருந்தும் 1957இல் வேடசந்தூரிலிருந்தும் காங்கிரஸ் சார்பில் சட்டமன்றம். 1962இல் திண்டுக்கல் எம்.பி. அதே வருஷம் பத்மபூஷண். மத்தியக் கல்வித் துணை அமைச்சர் பதவி. லேடி ஹார்டிஞ்ச் தோழி சுசீலா நய்யார் அதே அரசில் சுகாதார அமைச்சர்.

அரசியல் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பத்து ஆண்டுக்குள் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்றது. அந்தப் பத்து ஆண்டு 1960இல் முடிந்துபோயிருந்தது. கெடு தவறிய பிறகு அந்த அமைச்சகத்துக்குள் வந்தவர் சௌந்தரம். (அது அடிப்படை உரிமைச் சட்டமாக வர 2009 ஆனது.) அவர் இருந்த காலத்தில்தான், 1964 ஜூலையில், கோத்தாரி கமிஷன் அமைக்கப்பட்டது. 1966இல் வந்த அதன் அறிக்கை, எல்லாக் கட்டத்திலும் மாணவர்கள் படிப்போடு சமூக சேவையும் செய்ய வேண்டும் என்றது. மாணவர்களைக் கிராமத்துக்குள் அனுப்பும் சேவைத் திட்டம் பற்றிய பேச்சும் முன்னோட்டமும் இந்த ஆண்டுகளில் நடந்தன. காந்திகிராமத்தில் பத்துப் பதினைந்து ஆண்டாக நடந்துவந்த ஒன்று டெல்லியின் கோப்புக்குள் போகிற காலம் அது என்று சொல்லலாம்.

அதே காலத்தில் அவருடைய சொந்த மாநிலத்தின் மாணவர்கள் தெருவில் இருந்தார்கள்.

1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்ற ஏற்பாட்டை எதிர்த்துத் தமிழ்நாட்டு மாணவர்கள் எழுந்தார்கள். முதல் நாளே, ஜனவரி 25இல், மதுரையில் மோதல் வெடித்தது. எங்கள் ஊரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரம். தீக்குளிப்புகள், துப்பாக்கிச்சூடு, மூடப்பட்ட கல்லூரிகள். அரசுக் கணக்கிலேயே சுமார் 70 பேர் இறந்தார்கள். மத்திய அரசில் இருந்த தமிழர்களில் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். சௌந்தரம் பதவியில் தொடர்ந்தார்.

1967இல் கணக்குத் தீர்க்கப்பட்டது. விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தவர் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். பள்ளிக்கூடமும் மதிய உணவும் கொடுத்தவரை, அந்தப் பள்ளிக்கூடங்களிலிருந்து வந்த தலைமுறை வீட்டுக்கு அனுப்பியது. திண்டுக்கல்லில் சௌந்தரம் தி.மு.க. வேட்பாளரிடம் தோற்றார்.

காந்திகிராமம் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். ‘தேர்தலில் தோற்று, மீண்டும் தொண்டுக்குத் திரும்பினார்.’ எனக்கு அப்படித் தாண்ட முடியவில்லை. ஏனென்றால் இளைஞர்களுக்காகப் பேசுவது என்றால் என்ன என்ற கேள்வி இங்கேதான் கூர்மையாக நிற்கிறது. சௌந்தரம் பழகிய இளைஞர் ஒரு மாதிரி: பயிற்சி எடுப்பார், கிராமத்துக்குப் போவார், கிணறு சுத்தம் செய்வார், பொறுமையாக இருப்பார். காந்திகிராமத்து மாணவர்களைக் கொண்டு ராமச்சந்திரன் அமைத்த சாந்தி சேனாவின் பெயரிலேயே அமைதி இருந்தது. 1965இன் இளைஞர் வேறு மாதிரி: மறுப்பார், மறிப்பார், ‘என் மொழியில் என் வேலை’ என்று கேட்பார். முதலாமவருக்குச் சௌந்தரத்தின் கல்வியில் நல்ல இடம் இருந்தது. இரண்டாமவருக்கு அந்த அமைச்சகத்தில் இடம் இல்லை.

இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது சுலபம். 1965 இல்லாமல் இன்றைக்கு நானும் நீங்களும் இந்த மொழியில் இப்படி எழுதிப் படித்துக்கொண்டிருப்போமா என்பதே சந்தேகம். அதே சமயம், அந்தப் போராட்டத்தில் சட்டையைக் கிழித்துக்கொண்டு ஓடிய பையனின் அக்காவுக்குச் சின்னாளபட்டியில் பிரசவம் பார்த்த நர்ஸ், சௌந்தரம் பயிற்சி கொடுத்த பெண்ணாக இருந்திருக்கலாம். ஒரு சமூகத்துக்கு மறிக்கிறவரும் வேண்டும், அடுத்த நாள் காலையில் வேலைக்கு வருகிறவரும் வேண்டும். தமிழ்நாட்டில் முதல் வகைக்குச் சிலையும் பாட்டும் நிறைய உண்டு. இரண்டாவது வகைக்கு ஒரு ஆஸ்பத்திரியின் செல்லப் பெயர்.

*

120 மணி நேரம்

சௌந்தரம் தோற்று இரண்டு ஆண்டு கழித்து, காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24ஆம் தேதி நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. நாம் என்.எஸ்.எஸ். என்கிறோமே, அதுதான். அப்போது கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ். 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டு, கூடவே ஏழு நாள் முகாம். ‘நான் அல்ல, நீங்கள்’ என்பது அதன் முழக்கம்.

கல்லூரியில் நானும் அந்த ஏழு நாள் முகாமுக்குப் போயிருக்கிறேன். சிறுமலை அடிவாரத்தில் ஒரு ஊர். சீமைக்கருவேலம் வெட்டினோம், வாய்க்கால் தூர் வாரினோம், பேனர் கட்டி போட்டோ எடுத்தோம், ராத்திரி பாட்டுப் பாடினோம். கடைசி நாள் மோர் கொண்டு வந்த ஒரு பாட்டி கேட்டார், “அடுத்த வாரமும் வருவீகளா தம்பி? அந்தப் பக்கம் இன்னும் கெடக்கு.” யாரிடமும் பதில் இல்லை. எங்கள் நோட்டில் மணிக்கணக்கு முடிந்திருந்தது.

என்.எஸ்.எஸ். வீண் என்று சொல்லவரவில்லை. கிராமத்தையே பார்த்திராத பசங்களுக்கு அது ஒரு ஜன்னல். ரத்ததானம், வெள்ள நிவாரணம் என்று நல்ல வேலைகள் நடந்திருக்கின்றன. ஆனால் காந்திகிராமத்தில் இருந்து டெல்லிக்குப் போகிற வழியில் ஏதோ ஒன்று கொட்டிப்போய்விட்டது. அங்கே கிராமத்து இளைஞர் கற்றுக்கொண்டு கிராமத்திலேயே பொறுப்பெடுத்தார். இங்கே வெளியூர் மாணவர் வந்து சேவை செய்துவிட்டுப் போகிறார். பாட்டியின் பேத்திக்கு அந்த முகாமில் ஒரு வேலையும் இல்லை, கை கட்டி வேடிக்கை பார்ப்பதைத் தவிர. ஒரு திட்டத்தை 40,000 பேருக்குப் பெருக்கலாம். வருஷக்கணக்காகக் கூட இருந்து ஒருத்தரை வளர்க்கிற பொறுமையை அப்படிப் பெருக்க முடிவதில்லை.

*

அய்யங்கோட்டைப் பெண்

அந்தப் பொறுமை என்ன செய்யும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு. பட்டிவீரன்பட்டிக்குப் பக்கத்து அய்யங்கோட்டையில் 1926இல் நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்தார் கிருஷ்ணம்மாள். அப்பா சீக்கிரம் இறந்துவிட, அம்மா கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். படிப்புக்காக மதுரைக்கு வந்த அந்தப் பெண்ணுக்கு ஆதரவாக இருந்தவர் சௌந்தரம். அவர் வழியாகவே கிருஷ்ணம்மாளுக்குக் காந்திய இயக்கத்தின் கதவு திறந்தது. தலித் பெண் ஒருத்தி கல்லூரிப் படிப்பை முடிப்பதே அபூர்வமான காலம். முடித்தார். 1950இல் சர்வோதய ஊழியர் ஜெகந்நாதனை மணந்தார். வினோபாவின் பூதான இயக்கத்தில் இருவரும் நடந்தார்கள்.

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணியில் 44 தலித் உயிர்கள் குடிசைக்குள் எரிக்கப்பட்டன. கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சைக்குப் போனார்கள். அங்கே தங்கி வேலை செய்தார்கள். 1981இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நிலச்சுவான்தாரிடமிருந்து நிலத்தை விலைக்கு வாங்கி, கடன் ஏற்பாடு செய்து, நிலமற்ற குடும்பங்களுக்கு ஏக்கர் வீதம் கொடுப்பது. பத்திரம் பெண்ணின் பெயரில். சுமார் 13,000 குடும்பங்களுக்கு அப்படி நிலம் போனது. கடலோரத்தில் இறால் பண்ணைகள் விளைநிலத்தை உப்பாக்கியபோது ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படுவது.

சௌந்தரத்தின் வழிமுறையையும் கிருஷ்ணம்மாளின் வழிமுறையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொறுமை, ஊரில் தங்குவது, பெண்கள் கையில் பொறுப்பு, இதெல்லாம் காந்திகிராமப் பாடம். ஆனால் கிருஷ்ணம்மாள் சத்தியாகிரகம் செய்தார், மறித்தார், சிறைக்குப் போனார். நிலம் யாருடையது என்று கேட்டார். மருத்துவமனையும் பள்ளியும் பயிற்சி மையமும் தொடாத கேள்வி அது. பணக்கார வீட்டிலிருந்து வந்த ஆசிரியருக்குச் சுகாதாரமும் கல்வியும் முதலில் கண்ணில் பட்டன. கூலிக்காரக் குடும்பத்தில் இருந்து வந்த மாணவிக்கு நிலம் கண்ணில் பட்டது. 1965இல் ஒன்றோடு ஒன்று முகம் கொடுக்காமல் நின்ற இரண்டு வகை இளைஞரும், அதாவது மறிக்கிறவரும் மறுநாள் வேலைக்கு வருகிறவரும், இந்த ஒரு பெண்ணுக்குள் சேர்ந்து நின்றார்கள்.

சௌந்தரம் இதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. எந்த ஆசிரியரும் அப்படித் திட்டமிட முடியாது. கதவைத் திறந்துவிடலாம், அதற்குப் பிறகு உள்ளே வந்தவர் எந்தப் பக்கம் நடப்பார் என்பது அவர் பாடு. ‘இளைஞர் தலைமைப் பயிற்சி’ என்ற பெயரில் இன்று ஹோட்டல் ஹாலில் இரண்டு நாள் வகுப்பு எடுத்து, சர்டிபிகேட் கொடுத்து, குரூப் போட்டோ எடுத்து அனுப்புகிறார்களே, அவர்களிடம் நான் கேட்க நினைப்பது ஒன்றுதான். அந்தப் பெண் வேறு பக்கம் நடந்தால், உங்களுக்குப் பிடிக்காத கேள்வியைக் கேட்டால், அப்போதும் அவளுக்கு ஃபீஸ் கட்டுவீர்களா?

சௌந்தரம் 1984 அக்டோபர் 21ஆம் தேதி காலமானார். கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 2008இல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் வாழ்வுரிமை விருதைப் பெற்றார்கள். 2020இல் கிருஷ்ணம்மாளுக்குப் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது. 1962இல் டி.வி.எஸ். வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்த அதே விருது, 58 ஆண்டு கழித்து, அய்யங்கோட்டைக் கூலிக்காரர் மகளுக்கு. அப்போது கிருஷ்ணம்மாளுக்கு 93 வயது.